நான்தான், திற

மழை நிற்பதாக இல்லை. தபால்காரி ஸ்கூட்டரைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் படிகளில் ஓடி ஏறினாள்.

தபால்காரி என்பது அவள் கணவன் வைத்த பெயர். மெயில் சர்வர்களைப் பழுது பார்ப்பதுதான் அவள் தொழில். எந்த அலுவலகத்திலாவது மெயில் போகவில்லை, வரவில்லை, குப்பை மெயிலாகக் கொட்டுகிறது என்றால் அவளைக் கூப்பிடுவார்கள். "ஊரார் கடுதாசியெல்லாம் ஒழுங்காப் போய்ச் சேருது. கட்டினவன் சொல்றது மட்டும்தான் இவ காதுல போய்ச் சேர மாட்டேங்குது" என்று அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆறு வயது மகளும் அதைப் பிடித்துக்கொண்டு, அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று பள்ளியில் கேட்டபோது தபால்காரி என்றே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பரிசோதனைக் கூடம் பழைய கட்டடம். உயரமான கூரை, ஈரம் ஏறி உப்பிப்போன சுவர்கள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பிரிட் வாசனை. கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா காலையிலேருந்து வாசலையே பாத்துட்டு இருக்காங்க, போங்க" என்றார்.

டாக்டரம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினார்.

"எங்க ரிப்போர்ட் எதுவும் போய்ச் சேரலைம்மா. அனுப்பறது எல்லாம் திரும்பி வருது. நேத்து ஒருத்தருக்கு ரத்தத்துல பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருந்துது. உடனே ஆஸ்பத்திரிக்கு மெயில் பண்ணோம். போயிருக்கும்னு நினைச்சுட்டோம். சாயங்காலம் அவர் சம்சாரம் போன் பண்ணி அழறாங்க. அவர் மயங்கி விழுந்துட்டாராம். ஏதோ நல்ல நேரம், உயிர் தப்பிச்சார். அடுத்த ஆளும் தப்பிப்பார்னு என்ன நிச்சயம்?"

"சர்வர் எங்கே இருக்கு, டாக்டர்?"

"டார்க் ரூம்ல."

முன்பு அந்தக் கட்டடம் எக்ஸ்ரே நிலையமாக இருந்ததாம். படம் கழுவும் இருட்டறையை இடிக்க மனசில்லாமல், அதில் சர்வரை வைத்துவிட்டார்கள். கனமான கதவு. வெளிச்சம் நுழையாதபடி அதன் நான்கு ஓரத்திலும் ரப்பர் பட்டை. உள்ளே சுவர், கூரை எல்லாம் கறுப்பு. மூலையில் காய்ந்துபோன தொட்டி. தலைக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு. புளித்த காடி மாதிரி ஒரு நெடி, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கொட்டிய ரசாயனத்தின் நெடி, சுவரிலிருந்து கசிந்துகொண்டே இருந்தது.

கதவைச் சாத்தினால் அங்கே பகலும் கிடையாது, இரவும் கிடையாது.

அவள் கதவுக்கு ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். கோளாறு உடனே கண்ணில் பட்டது. எந்தெந்தக் கணினிகளை நம்பலாம் என்று எழுத வேண்டிய இடத்தில், முன்பு இந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் எல்லாவற்றையும் நம்பலாம் என்று எழுதி வைத்திருந்தார்.

அவள் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"வாசலைத் திறந்து போட்டிருக்கீங்க டாக்டர். உலகத்துல எந்த மூலையில இருக்கறவனும் உள்ளே வந்து, வேற யாருக்கோ மெயில் போட்டுட்டுப் போகலாம். பாக்கறவங்களுக்கு அது உங்க கிட்டேருந்து போற மாதிரி தெரியும். இதைத்தான் ஓப்பன் ரிலேன்னு சொல்லுவாங்க. ஆயிரக்கணக்குல குப்பை மெயில் உங்க வழியா போயிருக்கு. அதான் உங்களைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுட்டாங்க. உங்க நல்ல மெயிலையும் யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"மூடிடுங்க" என்றார் டாக்டரம்மா. "இப்பவே மூடிடுங்க."

மூடுவது பெரிய வித்தையில்லை. கூடத்துக்குள் இருக்கும் கணினிகளை மட்டும் நம்பச் சொன்னாள். வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பாஸ்வேர்டு கேட்கச் சொன்னாள். வெளியாள் இன்னொரு வெளியாளுக்கு அனுப்பும் கடிதத்தை வாசலிலேயே மறுக்கச் சொன்னாள். வரிசையில் காத்துக் கிடந்த குப்பை மெயிலை எல்லாம் ஒரேயடியாக அழித்தாள். பிறகு தன் போனிலிருந்து, முன்பின் தெரியாதவள் போல, இந்தச் சர்வர் வழியாக ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று பளிச்சென்று பதில் வந்தது. கறுப்புப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கும் விண்ணப்பம் போட்டாள்.

நிம்மதியாக முதுகை நிமிர்த்தியபோதுதான் கவனித்தாள். வரிசையில் ஒரு மெயில் நின்றது.

அனுப்புநர் பெயர் இல்லை. தலைப்பு இல்லை. யாரோ ஒருவருக்குப் போக வேண்டியது, வாசலில் மறுக்கப்பட்டு நின்றது. திறந்தாள். ஒரே வரி.

நான்தான். திற.

அழித்தாள்.

மறுபடி வந்தது. வேறு முகவரிக்கு. அதே வரி.

எங்கிருந்து வருகிறது என்று சர்வரின் பதிவுகளில் பார்த்தாள். வெளியிலிருந்து வரவில்லை. சர்வர் தானாகவே எழுதி அனுப்புவதாகக் காட்டியது. யாரோ உள்ளே ஒரு திருட்டு நிரலை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து இண்டு இடுக்கெல்லாம் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி அழித்தாள்.

சர்வரின் மின்விசிறி ஒரு கணம் மூச்சைப் பிடித்தது போல நின்று, மறுபடி சுழன்றது.

நான்தான். திற.

இப்போது முகவரி மாறியிருந்தது. வெளியே போக வழியில்லாத மெயில், உள்ளே இருப்பவர்களைத் தேடத் தொடங்கியிருந்தது. கவுண்டர் அக்காவின் பெட்டிக்கு ஒன்று. டாக்டரம்மாவின் பெட்டிக்கு ஒன்று.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு வெளியே வந்து, முன்பு இருந்த ஆளின் நம்பரை டாக்டரம்மாவிடம் வாங்கிப் போன் செய்தாள். எடுத்தவர் சாவதானமாகப் பேசினார். எந்த இடத்துச் சர்வர் என்று சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது.

"ரிலேவை மூடிட்டீங்களா?"

"ஆமா சார். இப்பதான்."



"ஒரு மெயில் மட்டும் நிக்குதா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"படிச்சீங்களா?"

"ஒரு வரிதானே சார், கண்ணுல பட்டுது."

"நான் ஒண்ணும் வேலை தெரியாம அதைத் திறந்து வெக்கலம்மா" என்றார் அவர் மெதுவாக. "இனிமே உங்க வீட்டுக்குப் போனா கதவைத் தட்டாதீங்க. குரல் கொடுக்காதீங்க. சாவி போட்டு நீங்களே திறந்துக்குங்க."

போன் துண்டிக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை.

கிறுக்குப் பிடித்த ஆள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவள் கவுண்டர் பக்கம் போனாள். அக்கா ஒரு பெரியவருக்கு ரசீது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வெறும் வயித்துல வரணும் ஐயா. தண்ணி குடிக்கலாம். நான்தான், திற. நாளைக்குக் காலையில வந்துடுங்க."

நடுவில் வந்த அந்த இரண்டு வார்த்தையில் மட்டும் அக்காவின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முகமும் மாறவில்லை. பெரியவர் காதை முன்னால் நீட்டி, "என்னம்மா?" என்றார்.

"காலையில வாங்கன்னேன்."

"அக்கா, இப்ப நடுவுல என்ன சொன்னீங்க?" என்று இவள் கேட்டாள்.

"வெறும் வயித்துல வரச் சொன்னேன். ஏன்?"

அக்காவின் கணினித் திரையில் அந்த மெயில் திறந்திருந்தது.

தபால்காரி டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினாள். டாக்டரம்மா போனில் தன் அப்பாவுடன் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருப்பவர்.

"மாத்திரை போட்டுக்கிட்டீங்களாப்பா? மழையில வெளியே போகாதீங்க. நான்தான், திற. சாயங்காலம் வந்து பாக்கறேன், சரியா?"

இவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

போனுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் சன்னமாகக் கேட்டது. "வாசலுக்கே வந்துட்டியா? மழையில எதுக்கும்மா... இரு, இரு, திறக்கறேன்."

"இல்லப்பா, நான் லேப்லதான் இருக்கேன்."

தாழ்ப்பாள் விலகும் சத்தம். பிறகு அவர் சொன்னது இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"வா, வா. முழுக்க நனைஞ்சுட்டியே."

போன் வைக்கப்பட்டது.

காரை ஓட்டும் நிலையில் டாக்டரம்மா இல்லாததால் சாவியை இவளே வாங்கிக்கொண்டாள். போகும் வழியெல்லாம் டாக்டரம்மா, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவளுக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. கூடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இன்னொரு நாற்காலி. நடுவில் ஆவி பறக்க இரண்டு கோப்பைத் தேநீர். எதிர் நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு விரித்திருந்தது. யாரோ தலை துவட்டிவிட்டுப் போட்டது போல அது சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

நாற்காலியில் யாரும் இல்லை.

"அப்பா!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். தவறான வீட்டுக்கு வந்துவிட்டவர்களைப் பார்க்கும் பார்வை. மரியாதையான, ஒட்டாத பார்வை.

"யாரும்மா நீங்க? யாரைப் பாக்கணும்?"

"என்னப்பா இது? நான் உங்க பொண்ணு."

அவர் சிரித்தார். எதிர் நாற்காலியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"என் பொண்ணு இதோ உக்காந்திருக்காளே."

டாக்டரம்மா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதார். பழைய சம்பவங்களைச் சொன்னார், அம்மாவின் படத்தைக் காட்டினார். அவர் கனிவாகவே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நாற்காலிப் பக்கம் குனிந்து, "பாவம், யாரோ தெரியலை" என்று முணுமுணுத்தார். கொஞ்சம் நிறுத்தி, பதில் கேட்டுக்கொண்டவர் போலத் தலையாட்டினார்.

நாற்காலியின் பிரம்பு, எடை மாறி உட்கார்ந்தது போல, கிறீச்சிட்டது.

அன்று மாலை தபால்காரி வீட்டுக்குப் போனபோது மழை விட்டிருந்தது. சாவியைப் போட்டுத் தானே திறந்துகொண்டாள். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவள் வாயை இறுக மூடிக்கொண்டே மகளின் தலையைக் கோதினாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டலும் சைகையும்தான்.

"என்ன, தபால் ஆபீசுக்கு இன்னைக்கு லீவா?" என்றான் கணவன். "நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லிட்டாவது கோபப்படு."

சாப்பாடு முடிந்ததும் அவன் தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டான். "ஆமா, யாரைத் திறக்கச் சொன்னே?"

அவள் கையிலிருந்த தம்ளர் நழுவி விழுந்தது.

"தட்டை எடுத்து வெக்கும்போது சொன்னியே. நான்தான், திறன்னு. யாருகிட்டன்னு கேட்டேன். நீ பாட்டுக்குப் போய்ட்டே."

அவள் நடந்ததை எல்லாம் கொட்டினாள். அவன் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். யாரும் கதவைத் தட்டக் கூடாது. யாரும் உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சாவி. வெளியே யார் நின்று என்ன சொன்னாலும் திறக்கக் கூடாது, அம்மாவின் குரலாகவே இருந்தாலும். மகளுக்கு அது புது விளையாட்டாகத் தெரிந்தது. தன் சாவியை ஒரு ரிப்பனில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தாள். ரிலேவைத் திறந்துவிட்டால் அது மறுபடி வெளியே போய்விடும். இங்கே நிம்மதி. ஆனால் ரிப்போர்ட்டுகள் மறுபடி நின்றுபோகும், எவரோ எங்கோ மயங்கி விழுவார். அதைவிட இன்னொரு நினைப்புதான் அவளை உறங்கவிடவில்லை. இத்தனை வருஷமாக அந்த வாசல் திறந்துதானே கிடந்தது. ஆயிரக்கணக்கில் போயிருக்கிறதே. எத்தனை வீட்டில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருப்பார்கள். எத்தனை வீட்டில் காலி நாற்காலிக்கு எதிரே தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.

காலையில் முதல் ஆளாகப் பரிசோதனைக் கூடத்தில் போய் நின்றாள். அக்கா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அவரும் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது.

"அக்கா, உங்களுக்கு ஏதோ தெரியும். சொல்லுங்க."

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இருட்டறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "டாக்டரம்மா இந்தக் கட்டடத்தை வாங்கின புதுசுல அந்த ரூம் காலியாத்தான் கிடந்தது. உள்ளேயிருந்து யாரோ தட்டுவாங்க. பகல்லயே. திறந்து பாத்தா ஆள் இருக்காது. தண்ணிக் குழாயில காத்து அடைச்சுக்கிட்டுதுன்னு சொல்லிக்கிட்டோம். அப்புறம் அங்கே சர்வரைக் கொண்டுவந்து வெச்சாங்க. அன்னையிலேருந்து தட்டற சத்தம் நின்னுபோச்சு. எல்லாருக்கும் நிம்மதி. ஏன் நின்னுச்சுன்னு யாரும் கேக்கலை."

"அதுக்கு முன்னாடி யாராவது அங்கே..."

"தெரியாதும்மா. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்களைக் கேட்டோம். அவங்க வாங்கும்போதும் தட்டிக்கிட்டுதான் இருந்துச்சாம்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "நேத்து வரைக்கும் அது வெளியே போய்ட்டு இருந்துச்சு. இப்ப நீங்க வழியை அடைச்சிட்டீங்க. பாவம், அது எங்கே போகும்?"



வழி அந்தக் கேள்வியிலேயே இருந்தது. அது போக வேண்டும், அவ்வளவுதான். எங்கே போகிறது என்பதை இவள் தீர்மானிக்கலாமே. ஆளே இல்லாத ஒரு வீடு. யாரும் படிக்காத ஒரு பெட்டி.

இருட்டறைக்குள் போனாள். இந்த முறை ஸ்டூல் முட்டு நிற்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் அது மெல்லத் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. கதவு, ரப்பர் பட்டை அமுங்கும் மெத்தென்ற சத்தத்தோடு, சாத்திக்கொண்டது.

சிவப்பு வெளிச்சமும் புளித்த நெடியும் மட்டும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வேலை ஓடாது என்று தெரியும். இலவச மெயில் தளம் ஒன்றில் புதுப் பெட்டி திறக்க ஆரம்பித்தாள். தப்பிய எழுத்துகளை அழித்து அழித்துத் தட்டினாள். உரிமையாளர் பெயர் என்ன என்று கேட்டது.

காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஈர மண் வாசனை.

வாய்க்கு வந்த பெயரைத் தட்டினாள். அவசரத்தில் எவருக்கும் முதலில் கைக்கு வருவது சொந்தப் பெயர்தானே. அதையே தட்டினாள். பெட்டி திறந்துகொண்டது. அனுப்புநர் இல்லாத அந்த ஒற்றை வரி மெயில் எங்கே போகப் பார்த்தாலும் அதை இந்தப் பெட்டிக்கே திருப்பிவிடும்படி சர்வரில் ஒரு விதி எழுதினாள். சேமித்தாள்.

வரிசை காலியானது.

மூச்சுச் சத்தம் நின்றது. அவள் கை வைக்கும் முன்பே கதவு தானாகத் திறந்தது. வெளியே பகல் வெளிச்சத்தில் அக்கா கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானம் டாக்டரம்மா போன் செய்தார். அழுகையும் சிரிப்புமாக ஒன்றும் புரியவில்லை. அப்பா நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டாராம். மகளை நிமிர்ந்து பார்த்து, எப்போ வந்தே, ஏன் இப்படி இளைச்சிருக்கே என்று கேட்டாராம். சாயங்காலத்துக்குள் கறுப்புப் பட்டியலிலிருந்தும் கூடத்தின் பெயரை எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர ஆரம்பித்தன. மறுவாரம் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் இருந்த கோளாறு சரியான நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தெரிந்து, குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தக் குழந்தையின் தாய் கவுண்டரில் வந்து நின்று அழுததை அக்கா போனில் சொன்னபோது, தபால்காரிக்கும் கண் கலங்கியது. செய்தது சரிதான் என்று முதன்முறையாகத் தோன்றியது.

இருந்தாலும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது, அடுப்பில் பால் பொங்கும்போது, மகளுக்குத் தலை பின்னும்போது, போனை எடுத்து அந்தப் பெட்டியைப் பார்ப்பாள். மெயில்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. எதுவும் திறக்கப்படாமல், கறுத்த எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக. அதைப் பார்த்தால் அவளுக்கு நிம்மதி. போகட்டும், போய்க்கொண்டே இருக்கட்டும். அவளும் அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லவில்லை. கணவன் தினமும் சோதித்துச் சொன்னான். "இன்னைக்கும் நீ பாஸ்" என்பான்.

பிறகு ஒரு நாள் வேறொரு கம்பெனியில் வேலையாக இருந்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போலப் பெட்டியைத் திறந்தாள்.

எல்லா மெயில்களும் படிக்கப்பட்டிருந்தன.

பாஸ்வேர்டு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். அப்போதுதான், அனுப்பியவை என்ற, இதுவரை காலியாகவே இருந்த பகுதியில், ஒரு மெயில் அனுப்பப்பட்டிருப்பதாகக் காட்டியது. அனுப்பியவர் இடத்தில் அவள் பெயர். பெறுபவர் இடத்தில் ஒன்றுமில்லை.

திறந்துட்டேன். வா.

டாக்டரம்மாவின் கூடத்துக்குப் போன் செய்தாள். அக்காதான் எடுத்தார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்மா. இன்னைக்குக் காலையிலேருந்து இங்கே காத்தே மாறிட்ட மாதிரி இருக்கு. அந்த நெடிகூட இல்லை. போயிடுச்சும்மா. நிஜமாவே போயிடுச்சு."

கணவனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு விடுமுறை. அவனும் மகளும் வீட்டில்தான் இருந்தார்கள்.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பட்டப்பகல். தெருவில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு நாய் வெயிலில் படுத்துக் கிடந்தது, இவளைப் பார்த்ததும் எழுந்து குரைத்தது. தினமும் வாலாட்டுகிற நாய்.

சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு விலகியது. கதவு நகரவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அவள் தட்டவில்லை. குரல் கொடுக்கவில்லை. அழைப்பு மணியை மட்டும் அழுத்தினாள். உள்ளே கணவன் எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. சின்னக் காலடிகள் ஓடிவந்தன. தாழ்ப்பாள் விலகியது.

மகள் நின்றாள். தலையை யாரோ புதிதாக, படிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டிருந்தார்கள். கழுத்தில் ரிப்பன் இல்லை. அவள் நிமிர்ந்து, தெரியாதவர்களிடம் நடந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தபடியே, அடக்கமாகப் புன்னகை செய்தாள். பிறகு உள்ளே திரும்பி உரக்கச் சொன்னாள்.

"அம்மா! யாரோ ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் மூடப்பட்டது.

"யாருன்னு கேளு கண்ணு, இதோ வரேன்" என்றது தபால்காரியின் குரல்.